எதிர்க்கூட்டுக்காரி

எங்கள் ஒற்றைப்பாறையில் பன்னிகளுக்குப் புது வீடு கட்டிக் குடியேற்றிய கொஞ்ச நாளிலேயே கிழக்கு வரிசையில் தின்ற தீனி மேற்கு வரிசையில் சதையாகவும், மேற்கு வரிசையில் தின்ற தீனி கிழக்கு வரிசையில் சதையாகவும் ஏற ஆரம்பித்தது. அது எப்படி என்று இன்றைக்கு வந்து கேட்டால் எங்களில் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது, கேட்கிறவர்களை நாங்கள்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்போம்.

அதற்கு முன்னால் எங்கள் பன்னிகள் ரப்பர் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் சேற்றில் புரண்டு, கிடைத்ததைத் தின்று, இஷ்டப்பட்டபோது வளர்ந்து, இஷ்டப்படாதபோது அப்படியே நின்றுகொண்டிருந்தன. கால்நடை டாக்டர் ஒருத்தர் டவுனிலிருந்து வந்து வேதக்கோயில் முற்றத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, பன்னி வளர ரெண்டே காரியம்தான், ஒன்று வீடு, இன்னொன்று தீனி, வீடும் தீனியும் சரியாக இருந்தால் சதை தானாக வரும் என்று சொன்னார். அவர் சொன்னபடியே சங்கத்தில் சேர்ந்து நீளமாக ஒரு ஷெட் கட்டினோம். கிழக்கே ஒரு வரிசை, மேற்கே ஒரு வரிசை, நடுவில் ஆள் நடக்கப் பாதை, ஒவ்வொரு பன்னிக்கும் தனிக்கூடு, தனித்தொட்டி, சரிவாகப் பூசின சிமெண்டுத் தரை, மூக்கால் அழுத்தினால் தண்ணீர் வரும் குழாய். பன்னியோடு சேர்ந்த கன்றும் என்று பழமொழி சொல்லுகிறவன் எங்கள் ஷெட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும், அவன் வீட்டுத் தரையைவிட அது சுத்தமாக இருந்தது.

முதலில் கண்டுபிடித்தது சங்கத் தலைவர் டென்னிசன்தான். அவர் தன் பன்னிக்குப் புண்ணாக்கும் கருவாட்டுப் பொடியும் போட்டுப் போட்டு அது போட்ட இடத்திலேயே நிற்க, எதிர்க்கூட்டில் தொம்மை அண்ணன் வயிறு நிறையக் கஞ்சித்தண்ணி மட்டும் ஊற்றிய பன்னி மதம் பிடித்தது போலக் கொழுத்தது. மற்றக் கூடுகளையும் நின்று பார்த்தோம், எல்லா இடத்திலும் அதே கணக்குத்தான். பன்னிகளை இடம் மாற்றிக் கட்டினோம், சதையும் கூடவே இடம் மாறியது. சரி, எதிர்க்கூட்டுப் பன்னிக்கு நாமே போய்ப் போட்டால் என்ன என்று போட்டுப் பார்த்தோம். தன் ஆளின் கைவாசம் இல்லாத தீனியை ஒரு பன்னியும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, தொட்டியை மூக்கால் கவிழ்த்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டன. டாக்டர் வந்து எடை போட்டு, காற்றோட்டத்தைச் சரிபார்த்து, மண்டையைச் சொறிந்து, "மொத்தத்துல பாத்தா வளர்ச்சி இருக்குல்லா, பின்ன என்ன?" என்று கேட்டார். மொத்தத்தில் பார்த்தால் இருக்கத்தான் செய்தது. நாங்கள் மொத்தத்தில் பார்க்கப் பழகிக்கொண்டோம்.

பழகும் முன்னால் சண்டை நடந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஒனக்க தவிட்டுல தண்ணி கூடுதலு, ஒனக்க மரச்சீனிக் கெழங்கு வேகல்ல என்று ஒருத்தர் தொட்டியை ஒருத்தர் எட்டிப் பார்த்து, வாளியும் அகப்பையும் பறந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை பங்குச்சாமி பிரசங்கத்தில், ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் முன்னோர் சொன்னதை ஆண்டவர் நம் ஊரிலே சிமெண்டு போட்டுக் கட்டிக் காட்டியிருக்கிறார், நாம்தான் அதன் முன்னால் நின்று தொட்டியை எட்டிப் பார்க்கிறோம் என்றார். பெண்கள் அழுதோம். ஆண்கள் வெளியே போய் நின்று வெற்றிலை போட்டார்கள். அதற்கப்புறம்தான் நடுப்பாதையின் இரண்டு பக்கமும் சாக்கு தைத்துத் திரை கட்டினோம். தீனி போடும் நேரத்தில் திரையை இறக்கிவிட வேண்டும், எதிர்த்தொட்டியைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அந்த ஆளைத் திருடன் என்று நாலு பேர் முன்னால் சொன்னதற்குச் சமம். இதுதான் எங்கள் சட்டம். நாங்கள் நல்லவர்கள் என்று காட்ட நாங்களே தைத்துக்கொண்ட சாக்கு அது.

அப்புறம் எல்லாமே அந்தத் திரையை ஒட்டி வளர்ந்தது. காலையில் பார்த்துக்கொண்டால் சுகமா என்று கேட்பதை விட்டோம். "எனக்க பன்னி எப்படி இருக்கு?" என்று எதிர்க்கூட்டுக்காரரைக் கேட்பதும், "வளருது" என்று அவர் பதில் சொல்வதும் வழக்கமானது, ஏனென்றால் என் பன்னி என் கையில் இல்லை, அவர் கையில் இருந்தது. பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றிப் பக்கத்து வீட்டில் விசாரிக்காமல் எதிர்க்கூட்டில் விசாரித்தார்கள். பன்னி வெட்டி விருந்து வைத்தால் வெந்த கறியில் முதல் துண்டு எதிர்க்கூட்டுக்காரருக்கு. சதை போட்ட கைக்கு முதல் துண்டு என்று அதற்குப் பெயர். அந்தத் துண்டை இலையில் வைக்கும்போது வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன், நானும் கலங்கியிருக்கிறேன்.

என் எதிர்க்கூட்டுக்காரி பிளவர். ஞானஸ்நானத்தில் லிற்றில் பிளவர், ஊருக்கு பிளவர். நாங்கள் ரெண்டு பேரும் ஒரே வருஷத்தில் ஒரே சந்துக்கு வாழ வந்தவர்கள், அவள் வீட்டு உப்பு தீர்ந்தால் என் வீட்டில் எடுப்பாள், என் வீட்டுத் தீப்பெட்டி தீர்ந்தால் அவள் அடுப்பிலிருந்து கொள்ளி எடுத்து வருவேன். கூடு பிரித்தபோது ஆளாளுக்கு யார் எதிரில் என்று பயந்துகொண்டிருக்க, நான் எழுந்து, எனக்கு பிளவர்தான் வேண்டும், வேறு யாரும் வேண்டாம் என்று வாய்விட்டுக் கேட்டு வாங்கினேன்.

என் வீட்டுக்காரர் மிக்கேல் ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. அடைமழை. அடக்கத்துக்கு வந்த சனத்துக்குக் கொடுக்க என் வீட்டில் கட்டன்சாயாவைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த மனுஷன் உயிரோடிருந்த காலத்தில் வழியில் போகிறவனைக் கூப்பிட்டுக் கஞ்சி குடிக்க வைக்காமல் விட்டதில்லை, அவர் போன அன்று ஊர் பட்டினியாகத் திரும்பிப் போனது. எனக்குப் புருஷன் போன துக்கமும் வெப்ராளமும் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்து பிளவர் மடியில் தலைவைத்து, "அவருக்க ஒரு வருச நெனவு அடியந்திரத்துக்கு ஊரையே இருத்தி, எனக்க பன்னிய வெட்டி வயிறு நிறையப் போடுவேன் பிளவரே, இல்லேன்னா அவரு மொகத்துல நான் மேல போயும் முழிக்க ஏலாது" என்று சொன்னேன். அவள் என் தலையைத் தடவி, "ஒனக்க பன்னிய வளக்க வேண்டியது நானில்லியா? நீ சமாதானமா இரு பிள்ளே" என்றாள். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் மறக்கவில்லை.

குட்டி வாங்கிக் கூட்டில் விட்டோம், ஆளுக்கொன்று. பேர் வைத்தால் வெட்டும்போது கை நடுங்கும் என்று நாங்கள் பேர் வைப்பதில்லை. நான் விடிந்ததும் அண்டாவை ஏற்றி, மரச்சீனித் தோலும் பலாச்சக்கை மடலும் மீன்தலையும் ஆலைத் தவிடும் போட்டுக் குழைய வேகவைத்து, விரல் விட்டுச் சூடு பார்த்து, கல்யாணம் நடக்கிற மண்டபத்திலெல்லாம் போய் மிச்சச் சோறு கேட்டு வாங்கிச் சுமந்து வந்து, அதில் ஊசியோ முள்ளோ கிடக்கிறதா என்று பிள்ளைக்குச் சோறு பிசைகிறது போலப் பிசைந்து என் பன்னிக்குப் போட்டேன், பிளவருடைய பன்னி வளரட்டும் என்று. அது வளர்ந்தது. கழுத்து தெரியாமல், கண் மறைய, நடந்தால் தொடையோடு தொடை உரச வளர்ந்தது. திரைக்கு அந்தப் பக்கமிருந்து பிளவர், "எனக்க பன்னி எப்படி இருக்கு சிசிலி?" என்று கேட்பாள், நான் "வளருது" என்பேன். "எனக்க பன்னி எப்படி?" என்று நான் கேட்பேன், அவளும் "வளருது" என்பாள்.

என் பன்னி வளரவில்லை. முதுகெலும்பு கத்தி போல நின்றது, விலா எலும்பை எண்ணலாம். ஆனால் தின்றுவிட்டுச் சமாதானமாகப் படுத்து, ஏப்பம் விட்டு, கனவு கண்டு காலை ஆட்டிக்கொண்டு தூங்கும். எலும்பும் தோலுமான ஒரு உயிர் எப்படி இத்தனை நிம்மதியாகத் தூங்குகிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கொழுத்தது தின்றிருக்கும், மெலிந்தது பட்டினி கிடந்திருக்கும் என்று காலகாலமாக எண்ணிய புத்திதானே எங்களுக்கு. சதை தாண்டிப் போகிறது என்று கண்டோம், பசியும் சேர்ந்து தாண்டிப் போகிறது என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம்.

"பூச்சியா இருக்கும்" என்றாள் பிளவர். டாக்டரைக் கூட்டி வந்து மருந்து கொடுத்தேன். "கண்ணேறா இருக்கும்" என்றாள். கோயிலில் மந்திரித்த எண்ணெய் வாங்கித் தடவினேன். ஒருநாள் திரைக்கு அந்தப் பக்கம் அவள் விசும்பி அழுவது கேட்டது. "வாயக் கட்டி வயித்தக் கட்டிப் போடுதேன் பிள்ளே, எனக்க கையில ராசி இல்ல போலருக்கு. நீ ஒண்ணு செய்யி, ஒனக்கதுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாப் போட்டுப் பாரு. எனக்கது நல்லாத் தெளிஞ்சா அது போடுறத முழுசாத் தின்னும், அப்பம் ஒனக்கதும் வளரும்" என்றாள். நான் கூடுதலாகப் போட்டேன். இந்தக் கேணச் சிறுக்கி என் கஞ்சியில் பாதியை எடுத்து அண்டாவில் ஊற்றினேன்.

தொம்மை அண்ணன் ஒருதரம் என்னைத் தனியே நிறுத்தி, "சிசிலி, தொட்டிய ஒருக்க பாத்திரு" என்றார். "அண்ணனுக்கு வயசாச்சு, நாக்குல கிருமி விழாம பாத்துக்கிடுங்க" என்று மூஞ்சியில் அடித்தது போலச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடியந்திரத்துக்கு ரெண்டு மாதம் இருக்கும்போது ஒரு நடுப்பகல், தகரக் கூரை வெயிலில் படபடத்துக்கொண்டிருந்தது, ஷெட்டைக் கழுவிவிட நான் மட்டும் போனேன். தீனி நேரம் கழிந்தும் ஏற்றாமல் விட்டிருந்த எதிர்ப்பக்கத்துச் சாக்குத்திரை தரையோடு தொங்க வேண்டியது, பிளவருடைய கூட்டுக்கு நேரே மட்டும் முழங்கால் உயரத்துக்கு இல்லை. கிழியவில்லை, அறுந்து விழவில்லை, தின்னப்பட்டிருந்தது. அந்தக் கொழுத்த பன்னியின் வாயில் சணல் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சட்டத்தை மீறி எட்டிப் பார்க்கவில்லை, இதை ஆண்டவர் முன்னால் சொல்லுவேன், பார்க்கவிடாமல் மறைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. தொட்டி காய்ந்து கிடந்தது. அதன் சிமெண்டு விளிம்பைப் பல்லால் கடித்துக் கடித்து உள்ளே ஓட்டுச்சல்லி தெரிந்தது. என் கையில் மரச்சீனித் தோல் நாலு கிடந்தது, சும்மா நீட்டினேன். எந்தப் பன்னியும் எதிராள் கையில் வாய் வைக்காது என்று சொன்னேனில்லையா, அது வைத்தது. தோலைத் தின்று, என் உள்ளங்கையை நக்கி, விரலிடுக்கை நக்கி, புடவை முந்தானையைப் பிடித்துச் சப்பியது. எனக்குப் பின்னால் என் எலும்புக்கூடு வயிறு நிறைந்து ஏப்பம் விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் விளங்கியது. சதைதான் பாதையைத் தாண்டிப் போகிறது, பசி அவரவர் கூட்டிலேயே கிடக்கிறது.

வாளியைப் போட்டது போட்டபடி பிளவர் வீட்டுக்குப் போனேன். முன்வாசலில் கூப்பிட்டேன், பதில் இல்லை. பின்பக்கம் அயனி மரத்து மூட்டில், பழைய காலத்தில் எல்லாரும் வளர்த்தோமே அதேபோல, சேற்றில் குழி வெட்டி மரக்கம்பு அடைத்து, உருண்டு திரண்ட இன்னொரு பன்னி. அதன் முன்னால் தீனி ஆவி பறக்கக் கிடந்தது, பிளவர் அகப்பையோடு குந்தியிருந்து அதன் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழும்பவில்லை.

"எனக்க பன்னி எப்படி இருக்கு பிளவரே?" என்று கேட்டேன்.

அவள் அகப்பையை மரக்கம்பில் தட்டினாள். "நான் போடுறது எனக்கே சேரணும்னு ஒரு ஆச, சிசிலி. வேற ஒண்ணுமில்ல. கண்ணு முன்னால போடணும், கண்ணு முன்னால வளரணும். அந்த ஷெட்டுல அது நடக்குமா?"

"எனக்க வீட்டுக்காரருக்க அடியந்திரம். ஒனக்க மடியிலதான் சொன்னேன்."

"தெரியும்."

"நானும் போடாம இருந்திருந்தா ஒனக்கது செத்திருக்குமே. அது ஒனக்குத் தோணல்லியா?"

அவள் முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "நீ போடாம இருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும் பிள்ளே" என்றாள்.

அவள் என்னை அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன், ஏசியிருந்தால் ஏசியிருப்பேன். என்னிடம் நல்லது என்று ஒன்று இருந்ததே, அதையே கணக்கில் எழுதிப் போட்டு என் கழுத்தை அறுத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதேன். புருஷன் செத்தபோது சாய ஒரு மடி இருந்தது. இதற்கு அதுவும் இல்லை.

மறுநாள் விடிந்தும் அடுப்பு மூட்டவில்லை. போடமாட்டேன், அவள் பன்னி வற்றட்டும் என்று வெறுங்கையோடு ஷெட்டுக்குப் போய் நின்றேன். என் பன்னி எழும்பி வந்து தொட்டியைப் பார்த்தது, என் கையைப் பார்த்தது, மறுபடியும் தொட்டியைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து பசி என்றால் என்னவென்று தெரியாத சீவன் அது, கத்தக்கூடத் தெரியவில்லை, சும்மா பார்த்துக்கொண்டே நின்றது. அவளைப் பட்டினி போட எனக்கு வழியில்லை, என்னுடையதைத்தான் பட்டினி போட முடியும். எதிரிலிருந்து மற்றது கம்பியைக் கடிக்கும் சத்தம் கேட்டது. போய் அண்டாவை நிமிர்த்தினேன். ரெண்டு வாளி கலக்கிக் கொண்டுவந்து, ஒன்றை இங்கே ஊற்றினேன், பாதையைத் தாண்டி மற்றதை அங்கே ஊற்றினேன். அந்தப் பெரிய உடம்பு நடுங்க நடுங்கத் தின்றது.

விஷயம் ஊருக்குத் தெரிந்து டென்னிசன் கூட்டம் போட்டார். பிளவர் தலைகுனிந்து நின்றாள், செய்தேன் என்றாள். "அந்தக் கொழுத்தது முழுக்க ஒனக்க தீனி. அதப் பிடிச்சு வெட்டு, அடியந்திரம் நடக்கட்டும்" என்றார் டென்னிசன். எல்லாரும் அதுதான் நியாயம் என்றார்கள். பிளவரும் கூட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள்.

"பசிச்சுக் கெடந்த உயிர வெட்டி எனக்க வீட்டுக்காரரு பேருல போட மாட்டேன்" என்றேன். "எனக்கது வளரும். வளக்கத் தெரியும் எனக்கு."

வளர்ந்தது. ஊரான் பிள்ளையை ஊட்டினேன், பங்குச்சாமி சொன்னது போலத் தன் பிள்ளை தானே வளர்ந்தது. ஆனால் அவர் சொன்னபோது அழுகை வந்ததே, இப்போது வரவில்லை. எதிர்க்கூட்டுப் பன்னிக்கு என் காலடிச் சத்தம் பழகி, பிளவர் வந்தால் திரும்பி நின்றுகொண்டது. ஊர்க்காரர்கள் இதற்கிடையில் சாக்குத்திரை எல்லாவற்றையும் அவிழ்த்து எரித்துவிட்டார்கள். இப்போது யார் தொட்டியும் யாருக்கும் தெரியும், எல்லாப் பன்னியும் நன்றாகத் தின்று நன்றாக வளர்ந்தது, டாக்டருக்குச் சந்தோஷம். எல்லாரும் எதிர்த்தொட்டியைப் பார்த்துக்கொண்டே தீனி போட்டோம், அதனால் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்க பன்னி எப்படி இருக்கு என்று கேட்கிற வழக்கம் நின்றுபோனது. அதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே.

அடியந்திரத்தன்று மழை இல்லை. கல்லறையில் ஜெபம் முடிந்து, முற்றத்தில் பந்தல் போட்டு, ஊரையே இருத்தி வாழையிலை போட்டேன். பிளவரும் வந்தாள். வரமாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எதிர்க்கூட்டுக்காரி அடியந்திரத்துக்கு வராமலிருக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை, அவள் வழக்கத்தை விடாமல் முதல் இலையில் வந்து உட்கார்ந்தாள். வெந்த கறியில் முதல் துண்டை அகப்பையில் எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது பந்தலில் குஞ்சு குருமான் உட்பட எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். அவள் இலைக்கு முன்னால் போய் நின்றேன். அவள் குனிந்தே இருந்தாள். இலையின் ஓரத்தைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின.

பக்கத்து இலை தொம்மை அண்ணனுடையது. அவர் தன் இலையோடு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். நான் அந்த இடத்தில் உட்கார்ந்து, எனக்கு ஒரு இலை போட்டு, முதல் துண்டை என் இலையில் வைத்தேன். சதை போட்ட கை அதுதான். பிறகு அகப்பையைப் பரிமாறுகிறவனிடம் நீட்டி, மற்றவர்களுக்குப் போலவே பிளவருக்கும் கறி போடச் சொன்னேன், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஊர் தின்றது. மறு சோறு, மறு கறி, ரசம், மோர் என்று தின்றது. மிக்கேலுக்கு மேலே கேட்டிருக்கும். என் துண்டுக்கு உப்பு சரியாக இருந்தது, காரம் சரியாக இருந்தது, ஒரு வாய்க்கு மேல் நான்தான் எடுக்கவில்லை. பிளவர் தன் இலையை வழித்துத் தின்றாள். கை கழுவிவிட்டு வந்தவள், சனம் கலைகிற இரைச்சலில் எனக்கு மட்டும் கேட்கும்படி, எத்தனையோ நாளாக ஊரில் யாரும் கேட்காததைக் கேட்டாள்.

"எனக்க பன்னி எப்படி இருக்கு, சிசிலி?"

வளருது என்றுதான் பதில் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம்.

"பசியில்லாம இருக்கு" என்றேன். அடுத்த பந்திக்கு இலை போட எழும்பிப் போனேன்.